சூப்பர்செல் இடிப்புயல்

சூப்பர்செல் இடிப்புயல் என்பது, மேலெழும் காற்றோட்டம் முழுவதும் ஒரு செங்குத்து அச்சைச் சுற்றி நீண்ட நேரம் சுழன்றுகொண்டிருக்கும் ஒரு வகை இடிப்புயல் ஆகும். இடிப்புயல்களின் வகைகளுள் மிகவும் அரிதானது இதுவே. எனினும் உலகில் பதிவான கடுமையான சுழற்காற்றுகளில் பெரும்பாலானவையும், மிகப் பெரிய ஆலங்கட்டிகளும் இவ்வகைப் புயல்களிலிருந்தே தோன்றியுள்ளன. ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள சமவெளிகளில் இவை அதிகம் காணப்படுகின்றன. அர்ஜென்டீனா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, வங்காளதேசம், வடகிழக்கு இந்தியா ஆகிய இடங்களிலும் இவை உருவாவதுண்டு.

வானிலையியலில் செல் என்னும் சொல், ஒரு மேலெழு காற்றோட்டத்தையும் அதனுடன் இணைந்த கீழிறங்கு காற்றோட்டத்தையும் கொண்ட ஒரு தனி அலகைக் குறிக்கின்றது. உயிரணுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

சொற்பயன்பாடு

தமிழ்ச் செய்தித்தாள்களில் சூறாவளி என்ற சொல், வங்கக் கடலில் உருவாகும் பல நூறு கிலோமீட்டர் அகலமான புயலுக்கும், ஆங்கிலத்தில் டொர்னாடோ எனப்படும் குறுகிய காற்றுக்கம்பத்துக்கும் வேறுபாடின்றி வழங்கி வருகின்றது. இவை இரண்டும் தோற்றத்திலும் அளவிலும் முற்றிலும் வேறானவை. கடற்புயல் பல நாட்கள் நீடிக்கும். டொர்னாடோ பெரும்பாலும் சில நிமிடங்களில் மறைந்துவிடும். குழப்பத்தைத் தவிர்க்க, இக்கட்டுரையில் டொர்னாடோ என்பது சுழற்காற்று என்றே குறிக்கப்படுகின்றது.

சாதாரண இடிப்புயலிலிருந்து வேறுபாடு

சாதாரண இடிப்புயல் ஒன்று தன் அழிவைத் தானே தேடிக்கொள்கின்றது. ஈரமான வெப்பக் காற்று மேலெழுந்து குளிரும்போது நீராவி நீர்த்துளிகளாக மாறி, உள்ளுறை வெப்பத்தை வெளிவிடுகின்றது. இவ்வெப்பம் காற்றை மேலும் மேலே செலுத்துகின்றது. துளிகள் பெருத்து மழையாக விழத் தொடங்கியதும், அவை தாம் உருவான அதே மேலெழு காற்றோட்டத்தின் ஊடாகவே விழுகின்றன. மழையின் எடையும், ஆவியாதலால் உண்டாகும் குளிர்ச்சியும் சேர்ந்து மேலெழு காற்றோட்டத்தை நெரித்துவிடும். தோன்றி, முதிர்ந்து, தேயும் இம்மூன்று கட்டங்களையும் 1946, 1947 ஆண்டுகளில் புளோரிடாவிலும் ஒகையோவிலும் நடத்தப்பட்ட இடிப்புயல் ஆய்வுத் திட்டம் தெளிவாக்கியது. முழு வாழ்நாளும் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது அரிது.

சூப்பர்செல்லில் இந்த நெரிப்பு நிகழ்வதில்லை. உயரே செல்லச் செல்லக் காற்றின் வேகமும் திசையும் பெரிதும் மாறுமிடத்தில், மேலெழு காற்றோட்டம் சாய்ந்த நிலையில் அமைகின்றது. மழையும் ஆலங்கட்டியும் மேல்மட்டக் காற்றால் அப்பால் கொண்டு செல்லப்பட்டு வேறோரிடத்தில் விழுகின்றன. உள்ளிழுக்கும் வழியும் வெளியேறும் வழியும் தனித்தனியே பிரிந்துவிடுவதால், புயல் பல மணி நேரம் தொடர்ந்து இயங்க முடிகின்றது.

இதற்கு வேண்டிய ஆற்றலை மதிப்பிட, மேலெழும் ஒவ்வொரு கிலோகிராம் காற்றுக்கும் மிதப்பு விசையால் கிடைக்கக்கூடிய ஆற்றல் கணக்கிடப்படுகின்றது. இது கிலோகிராமுக்கு 2,500 ஜூல் எனக் கொண்டால், இயக்க ஆற்றல் சமன்பாட்டின்படி காற்று நொடிக்கு சுமார் 70 மீட்டர் வேகத்தை எட்டவேண்டும். சுற்றியுள்ள உலர்ந்த காற்றுடன் கலப்பதாலும் நீரின் எடையாலும் உண்மையில் இதைவிடக் குறைந்த வேகமே கிடைக்கின்றது. ஆனாலும் நொடிக்கு 40 அல்லது 50 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கி வீசும் காற்று என்பது, ஒரு கடும்புயலின் காற்றை நிமிர்த்தி வைத்ததற்கு ஒப்பாகும். தென் டகோட்டாவின் விவியன் என்னும் ஊரில் 2010 சூலை 23 அன்று விழுந்த ஆலங்கட்டியின் விட்டம் 20 சென்டிமீட்டர், நிறை சுமார் 880 கிராம். அத்தகைய பனிக்கட்டி வளரும்வரை அதைத் தாங்கி நின்றது இக்காற்றோட்டமே ஆகும்.

சுழற்சி எவ்வாறு உண்டாகின்றது?

புவியின் தற்சுழற்சியே இப்புயல்களைச் சுழல வைக்கின்றது என்பது பரவலான தவறான கருத்தாகும். ஒரு சில கிலோமீட்டர் அகலமும் சில மணி நேர ஆயுளும் கொண்ட அமைப்பில் அதன் நேரடி விளைவு மிகச் சிறியது. சுழற்சிக்கு உண்மையான மூலம் செங்குத்துக் காற்று வேறுபாடு ஆகும்.

தரையருகே மெதுவாகவும் மேலே வேகமாகவும் காற்று வீசும்போது, இடைப்பட்ட காற்று கிடைநிலையில் உருளத் தொடங்குகின்றது. தரையில் கிடக்கும் பூரிக்கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னே தள்ளினால் கட்டை உருள்வதைப் போன்றது இது. இவ்வாறு உருளும் காற்றுக்குழல் ஒன்றைக் கயிறாக எண்ணிக்கொண்டால், மேலெழு காற்றோட்டம் அக்கயிற்றின் நடுப்பகுதியைப் பிடித்து மேலே தூக்குகின்றது. வளைந்து நிமிர்ந்த கயிற்றின் இரு கால்களும் இப்போது செங்குத்தாக நிற்கின்றன. ஒன்று இடஞ்சுழியாகவும் மற்றது வலஞ்சுழியாகவும் சுழல்கின்றன. கிடையாக இருந்த சுழற்சி செங்குத்துச் சுழற்சியாக மாறுவது இப்படித்தான்.

சுழலும் இம்மேலெழு காற்றோட்டம் இடைநிலைச் சுழல் என அழைக்கப்படுகின்றது. இதன் விட்டம் பொதுவாக 3 முதல் 10 கிலோமீட்டர் வரை இருக்கும். தரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உயரம் வரையான காற்று வேறுபாடு நொடிக்கு 20 மீட்டர் அளவிலோ அதற்கு மேலோ இருக்கும்போது சூப்பர்செல் உருவாகும் வாய்ப்பு அதிகம். வெப்பமும் ஈரமும் மிகுந்த வெப்பமண்டலப் பகுதிகளில் இடிப்புயல்கள் ஏராளமாக இருந்தும் சூப்பர்செல்கள் குறைவாக இருப்பதற்கு, அங்கு இக்காற்று வேறுபாடு பெரும்பாலும் குறைவாக இருப்பதே காரணம்.

பிளவும் திசை விலகலும்

மேற்கூறிய கயிற்று உவமையிலிருந்து ஒரு விந்தையான விளைவு பெறப்படுகின்றது. எதிரெதிராகச் சுழலும் இரு கால்களிலும் காற்றழுத்தம் குறைவதால், அவ்விரு பக்கங்களிலும் புதிய காற்று மேலே உறிஞ்சப்படுகின்றது. நடுவே மழை இறங்குகின்றது. இதனால் ஒரே புயல் இரண்டாகப் பிளந்து, ஒன்று சராசரிக் காற்றுத் திசைக்கு வலப்புறமாகவும் மற்றொன்று இடப்புறமாகவும் விலகிச் செல்கின்றது. ஒக்லகோமாவில் 1964 ஏப்ரல் 3 அன்று இவ்வாறு பிளந்த புயல்களை, வில்கெல்ம்சன், கிளெம்ப் ஆகிய இருவரும் 1981 இல் வெளியிட்ட முப்பரிமாணக் கணினி மாதிரியில் மீண்டும் உருவாக்கிக் காட்டினர். ஒரே சீரான தொடக்க நிலையிலிருந்து, சமன்பாடுகளிலிருந்தே பிளவு தோன்றியது என்பது குறிப்பிடத்தக்கது.

காற்றின் திசை உயரத்துடன் வலஞ்சுழியாகத் திரும்புமிடங்களில் வலப்புறம் செல்லும் புயல் வலுப்பெறும், மற்றது நலியும். வட அரைக்கோளத்தின் நடு அகலாங்குகளில் இந்நிலையே மிகுதி. ஆகவே அங்கு நீடிக்கும் சூப்பர்செல்களில் பெரும்பாலானவை இடஞ்சுழியாகச் சுழன்றபடி, அருகிலுள்ள மற்றப் புயல்களின் பாதையை விட்டு வலப்புறமாக விலகிச் செல்கின்றன.

இவ்விலகலே இவ்வகைப் புயல்களைத் தனியே இனங்காண உதவியது. இங்கிலாந்தின் வோக்கிங்காம் பகுதியைக் கடந்து 1959 சூலை 9 அன்று சென்ற ஆலங்கட்டிப் புயலை, கீத் பிரௌனிங், பிராங்க் லட்லம் ஆகியோர் பல ராடார்களின் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்தனர். சூப்பர்செல் என்ற பெயரை பிரௌனிங் அவ்வாய்வின் தொடர்ச்சியாக 1962 இல் வழங்கினார். சுழற்காற்றுகளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவில் அல்லாது இங்கிலாந்தில் இப்பெயர் பிறந்தது பலருக்கு வியப்பளிக்கலாம்.

தோற்றமும் ராடார் அடையாளங்களும்

தொலைவிலிருந்து பார்க்கையில், காலிபிளவர் போன்ற திடமான முகில் கோபுரமும், அதன் உச்சியில் பட்டடை போல விரிந்த பனிமுகிலும், பட்டடைக்கு மேலே புடைத்து நிற்கும் குவிமுகடும் தென்படும். மழையற்ற அடிப்பகுதியிலிருந்து தாழ்ந்து தொங்கும் முகில் சுவர் முகில் எனப்படுகின்றது. வடக்கு டகோட்டாவின் பார்கோ நகரை 1957 இல் தாக்கிய சுழற்காற்றின் ஒளிப்படங்களை ஆராய்ந்த தெட்சுயா புஜிட்டா இப்பெயரைச் சூட்டினார்.

ராடார் திரையில், மழைப்பகுதியின் தென்மேற்கு மூலையில் கொக்கி போன்ற வளைவு தோன்றும். முன்பே மழையைச் சுமந்த காற்று, சுழலைச் சுற்றி வளைத்து இழுக்கப்படுவதால் இவ்வடிவம் உண்டாகின்றது. இது முதன்முதலில் 1953 ஏப்ரல் 9 அன்று இல்லினாய் மாநிலத்தில் பதிவானது. ஒக்லகோமாவின் யூனியன் சிட்டியில் 1973 மே 24 அன்று ஏற்பட்ட சுழற்காற்றை தேசியக் கடும்புயல் ஆய்வுக்கூடத்தின் டாப்ளர் ராடார் முழுமையாகப் பதிவு செய்தது. சுழற்காற்று தரையைத் தொடுவதற்கு முன்னரே, முகிலின் நடுவுயரத்தில் அதன் சுழற்சி அடையாளம் தெரிந்தது. 1990களில் அமெரிக்கா முழுவதும் டாப்ளர் ராடார் வலையமைப்பு நிறுவப்படுவதற்கு இக்கண்டுபிடிப்பு முக்கிய காரணமாயிற்று.

மழையின் அளவைப் பொறுத்து இவை மூவகைப்படும். மழை குறைந்த வகையில் சுழலும் முகில் தெளிவாகத் தெரியும். ஒளிப்படக் கலைஞர்கள் தேடிச் செல்வது இதையே. இடைப்பட்டது செவ்வியல் வகை. மழை மிகுந்த வகையில் சுழற்காற்று மழைத்திரைக்குள் முழுவதும் மறைந்துவிடுவதால், நெருங்கி வருவது சுழற்காற்று என்றே நேரில் பார்ப்பவருக்குத் தெரியாது. இதுவே மிகவும் ஆபத்தானது.

சுழற்காற்று உருவாதல்

சூப்பர்செல் சுழல்கின்றது என்பதால் அது சுழற்காற்றை உருவாக்கும் என்று கொள்ளமுடியாது. டாப்ளர் ராடாரில் இனங்காணப்படும் இடைநிலைச் சுழல்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று, அல்லது அதற்கும் குறைவானவையே சுழற்காற்றைத் தோற்றுவிக்கின்றன. எஞ்சியவை ஏன் தோற்றுவிப்பதில்லை என்பதே இத்துறையின் மையக் கேள்வி ஆகும்.

கயிற்றை மேலே தூக்குவதால் கிடைக்கும் சுழற்சி, தூக்கப்பட்ட உயரத்தில்தான் இருக்கும்; தரையில் இருக்காது. காற்று மேலெழும்போதே நிமிர்வதால், சுழற்சியும் அதனுடன் தரையை விட்டு அகன்றுவிடுகின்றது. எனவே தரையருகே சுழற்சி உண்டாக வேண்டுமானால் காற்று சுழன்றபடி கீழிறங்கியும் ஆகவேண்டும். புயலின் பின்புறத்தில், கொக்கியைச் சுற்றி இறங்கும் காற்றோட்டம் இப்பணியைச் செய்வதாகக் கருதப்படுகின்றது. சுழற்சியுடன் தரைக்கு வந்த காற்று, மீண்டும் மேலெழு காற்றோட்டத்தால் உறிஞ்சப்பட்டு நீட்டப்படும்போது, கைகளை மடக்கிக்கொள்ளும் பனிச்சறுக்கு நடனக்காரர் வேகமாகச் சுழல்வது போல, சுழற்சி செறிவடைகின்றது.

இங்கு ஒரு நுண்ணிய சமநிலை தேவைப்படுகின்றது. இறங்கும் காற்று மிகவும் குளிர்ந்ததாக இருந்தால், அது கனமாகித் தரையிலேயே பரவிவிடும். மேலே உறிஞ்ச இயலாது. சுழற்காற்றை உருவாக்கிய புயல்களில் பின்புற இறங்கு காற்று ஒப்பீட்டளவில் வெதுவெதுப்பாக இருந்ததை, கருவிகள் பொருத்திய வாகனங்களைக் கொண்டு 1994, 1995 ஆண்டுகளில் நடத்தப்பட்ட வோர்டெக்ஸ் ஆய்வின் தரவுகளும் பிற்பட்ட அளவீடுகளும் காட்டின. தரையை ஒட்டிய காற்றில் ஈரம் மிகுந்து முகிலின் அடித்தளம் தாழ்ந்திருப்பதும், முதல் ஒரு கிலோமீட்டரில் காற்று வேறுபாடு வலுவாக இருப்பதும் சாதகமானவை. 2009, 2010 ஆண்டுகளில் இரண்டாம் வோர்டெக்ஸ் ஆய்வு இதைவிடப் பெரிய அளவில் நடத்தப்பட்டது. அப்படியிருந்தும், அருகருகே செல்லும் ஒரே மாதிரியான இரு புயல்களில் எது சுழற்காற்றை உருவாக்கும் என்று உறுதியாகக் கூறமுடிவதில்லை. தீர்மானிக்கும் நிகழ்வு தரையிலிருந்து சில நூறு மீட்டர் உயரத்துக்குள் நடக்கின்றது. ராடார் கற்றையோ, தொலைவு கூடக்கூடப் புவியின் வளைவினால் அதற்கு மேலே சென்றுவிடுகின்றது.

வழக்கத்துக்கு மாறான புயல்கள்

அமெரிக்கச் சமவெளிகளில் சுழற்காற்று தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி வரும் என்பது மக்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. நிலவறையின் தென்மேற்கு மூலையே பாதுகாப்பானது என்ற அறிவுரை பல ஆண்டுகள் இதன் அடிப்படையில் வழங்கப்பட்டது. கான்சாசின் டொபீகா நகரை 1966 சூன் 8 அன்று தாக்கிய சுழற்காற்றுக்குப் பின் சேதங்களை ஆராய்ந்த ஜோ ஈகிள்மன், அம்மூலை உண்மையில் பாதுகாப்புக் குறைந்தது எனக் கண்டார். பெரும்பாலான சுழற்காற்றுகள் இப்பொது விதியைப் பின்பற்றுகின்றன என்பது உண்மையே. பின்பற்றாதவை சில பேரிழப்பை ஏற்படுத்தியுள்ளன.

இல்லினாயின் பிளெய்ன்பீல்டு (1990): ஆகத்து 28 அன்று வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி வந்த இப்புயல் மழை மிகுந்த வகையைச் சேர்ந்தது. சுழற்காற்று மழைக்குள் மறைந்திருந்ததால் அதன் ஒளிப்படம் எதுவும் கிடைக்கவில்லை. சுழற்காற்று எச்சரிக்கை உரிய நேரத்தில் விடுக்கப்படவில்லை. 29 பேர் உயிரிழந்தனர். ஆகத்து மாதத்தில் அமெரிக்காவில் பதிவான ஒரே எஃப்5 தரச் சுழற்காற்று இதுவாகும்.

டெக்சாசின் ஜாரெல் (1997): மே 27 அன்று மேல்மட்டக் காற்று வலுவற்றதாக இருந்தது. வழக்கமான அளவுகோல்களின்படி அது கடுமையான சுழற்காற்றுக்குரிய நாள் அன்று. ஆனால் மிதப்பு ஆற்றல் கிலோகிராமுக்கு 6,000 ஜூலைத் தாண்டியிருந்தது. காற்றால் செலுத்தப்படாமல், தரைமட்ட எல்லைக்கோடு ஒன்றை ஒட்டிப் புதிய முகில்கள் அடுத்தடுத்துத் தோன்றியதால், புயல் தெற்கு-தென்மேற்குத் திசையில், அதாவது வழக்கத்துக்கு ஏறத்தாழ நேரெதிராக நகர்ந்தது. அதன் மெதுவான நகர்வே பெருங்கேடாயிற்று. வேகமாகச் செல்லும் சுழற்காற்று ஒரு வீட்டின் மேல் சில நொடிகளே நிற்கும். ஜாரெலில் டபுள் கிரீக் எஸ்டேட்சு குடியிருப்பு சில நிமிடங்கள் தொடர்ந்து அரைக்கப்பட்டது. வீடுகள் இருந்த இடத்தில் கற்காரைத் தளங்கள் மட்டும் எஞ்சின. இறந்த 27 பேரும் அக்குடியிருப்பில் இருந்தவர்களே.

ஒக்லகோமாவின் எல் ரெனோ (2013): மே 31 அன்று மாலை 6 மணிக்குச் சற்றுப் பின்னர் உருவாகி ஏறத்தாழ 40 நிமிடங்கள் நீடித்த இச்சுழற்காற்றின் உச்ச அகலம் 4.2 கிலோமீட்டர் ஆகும். பதிவானவற்றுள் மிக அகலமானது இதுவே. தொடக்கத்தில் தென்கிழக்காகச் சென்ற அது, சிறிது நேரத்திலேயே பருத்து, கிழக்காகவும் பின் வடகிழக்காகவும் திரும்பி வேகமெடுத்தது. பெருஞ்சுழலுக்குள் சிறு சுழல்கள் பல மிக வேகமாக வட்டமிட்டன. எதிர்த்திசையில் சுழலும் துணைச் சுழற்காற்று ஒன்றும் தோன்றியது. நடமாடும் ராடார் மணிக்கு 480 கிலோமீட்டருக்கும் மேலான காற்று வேகத்தை அளந்தது. எனினும் பெரும்பகுதி திறந்த வயல்வெளியைக் கடந்ததால், சேதத்தின் அடிப்படையில் ஈஎஃப்3 என்ற தரமே இறுதியில் வழங்கப்பட்டது. தர அளவீடு காற்றை அன்றிச் சேதத்தையே அளக்கின்றது என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை எனலாம்.

இச்சுழற்காற்றில் நேரடியாக இறந்த எட்டுப் பேரும் வாகனங்களில் இருந்தவர்கள். அவர்களுள் பொறியாளரும் ஆய்வாளருமான டிம் சமராசு, அவரது மகன் பால், உடன் பணியாற்றிய கார்ல் யங் ஆகிய மூவரும் அடங்குவர். சுழற்காற்றின் பாதையில் அளவிகளை வைத்துவிட்டு விலகிச் செல்வது சமராசின் ஆய்வுமுறை. தென் டகோட்டாவின் மான்செஸ்டரில் 2003 சூன் 24 அன்று அவர் வைத்த அளவி, 100 மில்லிபார் அழுத்த வீழ்ச்சியைப் பதிவு செய்திருந்தது. மிகுந்த எச்சரிக்கையுடன் செயல்படுபவர் எனச் சக ஆய்வாளர்களிடையே அவர் பெயர் பெற்றிருந்தார். ஆய்வுக்காகச் சுழற்காற்றைப் பின்தொடர்ந்தவர்கள் அதிலேயே சிக்கி இறந்தது அதுவே முதல் தடவை என அறியப்படுகின்றது.

அதே மாலையில் ஒக்லகோமா நகரின் நெடுஞ்சாலைகள் வாகனங்களால் அடைபட்டன. பதினொரு நாட்களுக்கு முன், மே 20 அன்று, அண்டை நகரான மூரில் 24 பேரைக் கொன்ற சுழற்காற்றைக் கண்டு அஞ்சியிருந்த மக்கள், வீட்டில் தங்குவதை விடக் காரில் தப்பிச் செல்வதே நல்லது என எண்ணிப் புறப்பட்டனர். சுழற்காற்று நகரின் நெரிசலான பகுதியை அடையுமுன் மறைந்தது.

எச்சரிக்கை

அமெரிக்காவில் சுழற்காற்று எச்சரிக்கைக்கும் தாக்குதலுக்கும் இடையே கிடைக்கும் நேரம் சராசரியாகச் சுமார் 10 நிமிடங்கள் ஆகும். விடுக்கப்படும் எச்சரிக்கைகளில் பத்துக்கு ஏறத்தாழ ஏழு, சுழற்காற்று எதுவும் நிகழாமலே முடிந்துவிடுகின்றன. இதை முன்னறிவிப்பாளரின் கவனக்குறைவு எனக் கொள்வது பொருந்தாது. சுழலும் புயல்களில் பெரும்பாலானவை சுழற்காற்றை உருவாக்காதவை என்று மேலே கண்டதன் நேரடி விளைவே இது. எச்சரிக்கைகளைக் குறைத்தால் பிளெய்ன்பீல்டு போன்ற நிகழ்வு தவறிப்போகும். கூட்டினால் மக்கள் பொருட்படுத்தாமல் விடுவர். மிசூரியின் ஜாப்ளினில் 2011 மே 22 அன்று 158 பேர் இறந்த பின்னர் நடத்தப்பட்ட ஆய்வில், சங்கொலி கேட்டும் பலர் உடனே பாதுகாப்பிடம் தேடவில்லை என்பதும், வானத்தைப் பார்த்தோ தொலைக்காட்சியைப் பார்த்தோ உறுதிசெய்துகொள்ளக் காத்திருந்தனர் என்பதும் தெரியவந்தது. அன்றைய சுழற்காற்றும் மழைக்குள் மறைந்தே வந்தது.

தெற்காசியாவில்

வங்காளத்தில் கால்பைசாகி எனப்படும் கோடைக்கால இடிப்புயல்கள் மார்ச்சு முதல் மே வரை தோன்றுகின்றன. வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றின் மேல், மேற்கிலிருந்து உலர்ந்த காற்று வேகமாக வீசும் அக்காலத்தில், அமெரிக்கச் சமவெளியை ஒத்த நிலை அங்கு உருவாகின்றது. வங்காளதேசத்தின் மாணிக்கஞ்சு மாவட்டத்தில் தௌலத்பூர், சதூரியா ஆகிய இடங்களை 1989 ஏப்ரல் 26 அன்று தாக்கிய சுழற்காற்றில் சுமார் 1,300 பேர் இறந்தனர் என மதிப்பிடப்படுகின்றது. வரலாற்றில் மிகுந்த உயிரிழப்பை ஏற்படுத்திய சுழற்காற்றாக இதுவே கருதப்படுகின்றது. மக்கள் நெருக்கமும், தகரத்தாலும் மண்ணாலும் ஆன வீடுகளும், எச்சரிக்கை அமைப்பு இல்லாமையும் இவ்வுயிரிழப்புக்குக் காரணங்களாயின.